வெனிஸ் போக எந்த மாதம் நல்ல மாதம்?

இத்தாலிக்குப் போகத் திட்டமிடும் குடும்பங்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்தே தேதி குறிக்கின்றன. ரோமுக்கோ ஃப்ளாரன்ஸுக்கோ அப்படிப் போனால் வெயிலிலோ மழையிலோ கொஞ்சம் சிரமப்பட்டாலும் ஊரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். வெனிஸில் மாதம் மாறினால் ஊரே மாறிவிடுகிறது. நடக்கிற தெருவில் தண்ணீர் நிற்குமா, ஒரு பாலத்தைக் கடக்க எத்தனை நேரம் நெரிபட வேண்டும், தட்டில் என்ன வரும், அறை வாடகை எவ்வளவு, மாலை நான்கரைக்கே இருட்டுமா, ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்குமா என எல்லாமே மாதத்தைப் பொறுத்தவை.

ஆகவே வெனிஸ் பயணத்தில் முதல் வேலை மாதத்தைத் தேர்ந்தெடுப்பது. அதற்கு மூன்று கணக்குகள் தெரிந்திருந்தால் போதும்: தண்ணீர், கூட்டம், பகலின் நீளம். இவற்றைப் புரிந்துகொண்டு, நான்கு பருவங்களும் என்ன தருகின்றன என்று பார்த்துவிட்டால் உங்களுக்கான மாதத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

தண்ணீர்க் கணக்கு

வெனிஸ் இருப்பது ஆழமில்லாத ஒரு காயலுக்குள். பரப்பு சுமார் 550 சதுர கிலோமீட்டர். நம் பழவேற்காடு ஏரியைப் போலவே நீளமான மணல்திட்டுகள் அதைக் கடலிலிருந்து பிரிக்கின்றன. லிடோ, மலமோக்கோ, கியோஜா என்று மூன்று முகத்துவாரங்கள். அவற்றின் வழியாக அட்ரியாட்டிக் கடலின் நீர் தினமும் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வடிகிறது. காயலுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகள், அவற்றை இணைக்கும் நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள். இதுதான் பழைய நகரம்.

சாதாரண நாட்களில் இந்த ஏற்ற இறக்கத்தால் யாருக்கும் தொல்லையில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் இயல்பாகவே கூடுதலாக ஏறும். அதே நேரத்தில் காற்றழுத்தம் குறைந்து, தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ காற்றும் வீசினால், நீண்டு குறுகலாகக் கிடக்கும் அட்ரியாட்டிக் கடலின் நீரை அது வடக்கு மூலைக்குத் தள்ளிக் குவிக்கும். அந்த மூலையில்தான் வெனிஸ் இருக்கிறது. மூன்றும் ஒன்றுசேரும் நாளில் தண்ணீர் கால்வாய்க் கரையைத் தாண்டித் தெருவுக்கு வரும். உள்ளூர்க்காரர்கள் இதை 'அக்குவா ஆல்தா' என்கிறார்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை இது வரும் வாய்ப்பு அதிகம். அதிலும் நவம்பர் முக்கியமான மாதம். கோடையில் மிக அபூர்வம்.

செய்தியில் "110 சென்டிமீட்டர்" என்று படித்ததும் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று பயந்துவிட வேண்டாம். அந்த அளவு 1897இல் குறித்துவைத்த ஒரு அடிமட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. 110 செ.மீ. என்றால் பழைய நகரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குத் தெருக்களில்தான் நீர் வரும். நகரத்தின் தாழ்ந்த இடங்களில் ஒன்றான சான் மார்கோ சதுக்கத்தில் முழங்காலுக்குக் கீழேதான் நிற்கும். மூன்று நான்கு மணி நேரத்தில் அதுவாகவே வடிந்துவிடும். 1966 நவம்பர் 4 அன்று மட்டம் 194 செ.மீ. தொட்டது, இன்றுவரை அதுதான் உச்சம். 2019 நவம்பர் 12 இரவு 187 செ.மீ. வந்து நகரத்தின் பெரும்பகுதியை மூழ்கடித்தது.

அதன் பிறகு நிலைமை மாறிவிட்டது. மூன்று முகத்துவாரங்களிலும் கடலடியில் 78 எஃகுக் கதவுகளைப் பதித்திருக்கிறார்கள். 'மோசே' என்பது இந்தத் தடுப்பின் பெயர். 2003இல் தொடங்கிய வேலை. கதவுகள் சாதாரண நாளில் வயிறு நிறையத் தண்ணீருடன் கடலடியில் படுத்திருக்கும். உயர் ஓதம் வரும் என்று தெரிந்ததும் உள்ளே அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். தண்ணீர் வெளியேற வெளியேற, அடியிலிருக்கும் கீலில் திரும்பி ஒவ்வொரு கதவாக மேலெழுந்து, சுமார் அரைமணி நேரத்தில் கடலுக்கும் காயலுக்கும் நடுவே சுவராக நிற்கும். 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக இவை நகரத்தைக் காத்தன. 2022 நவம்பர் 22 அன்று வெளியே கடல்மட்டம் 170 செ.மீ. தாண்டியபோதும் நகரத்துக்குள் தெருக்கள் உலர்ந்தே இருந்தன.

ஆனாலும் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். கதவுகளை உயர்த்துவது பொதுவாக 110 செ.மீ.யை எட்டும் என்று கணித்தால்தான். அதற்குக் கீழே, 90, 100 என்று ஏறும் நாட்களில் சான் மார்கோ சதுக்கம் இன்னமும் நனையும். இரண்டாவது, கணிப்பு எப்போதாவது பிசகும். 2020 டிசம்பர் 8 அன்று எதிர்பார்த்ததைவிட நீர் கூடி, கதவுகள் உயர்த்தப்படாத நிலையில் 138 செ.மீ. வந்தது.

எனவே நவம்பரில் போனால் வெள்ளத்தில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இனி தேவையில்லை. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் அங்கேயே கடைகளில் கிடைக்கும். தேவைப்படும் நாளில் வாங்கிக்கொள்ளலாம். நீர் வரும் தெருக்களில் மேசைபோன்ற நடைபலகைகளை வரிசையாகப் போட்டுவிடுவார்கள். நகராட்சியின் ஓதக் கணிப்பு மையம் வரும் மூன்று நாட்களுக்கான மட்டத்தை மணிவாரியாக வெளியிடுகிறது. நீர் அதிகம் வரும் என்றால் சில மணி நேரம் முன்பே சங்கு ஊதும். தொடரும் ஒலி ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா என்பதைக் கேட்டே எவ்வளவு உயரம் என்று ஊரார் தெரிந்துகொள்வார்கள்.

தரைத்தளக் கடைவாசல்களைக் குனிந்து பாருங்கள். நிலையின் இரு பக்கமும் அடியில் உலோகத் தவாளிப்பு இருக்கும். சங்கு ஒலித்ததும் கடைக்காரர் முழங்கால் உயரத் தகடு ஒன்றை அதில் இறக்கி இறுக்கிவிட்டு, கீழ்த்தட்டில் இருக்கும் சரக்கை மேலே ஏற்றுவார். பதற்றமே இருக்காது. தண்ணீரோடு எப்படி வாழ்வது என்பதை ஒரு நகரம் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவைத்திருப்பதை அந்த ஒரு காட்சியில் பார்த்துவிடலாம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் காற்றழுத்தம் கூடி, மழையும் இல்லாத வாரங்களில் நீர்மட்டம் மிகவும் இறங்கிவிடும். சிறிய கால்வாய்களில் சேறு தெரியும். படகுகள் தரைதட்டி நிற்கும். பெரிய கால்வாயில் போக்குவரத்து நடக்கும் என்றாலும், கொண்டோலாப் பயணம்தான் கனவு என்பவர்கள் இந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது.

கூட்டக் கணக்கு

பழைய நகரத்தில் 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000 பேர்கூட இல்லை. வீடுகள் விடுதிகளாகிவிட்டன, வாடகை ஏறிவிட்டது, இளைஞர்கள் கரைப்பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். இந்தச் சிறிய ஊருக்குள் உச்சப் பருவத்தில் ஒரே நாளில் வந்து போகிறவர்கள், வசிப்பவர்களைவிட அதிகம். அவர்களில் பெரும்பாலோர் காலையில் ரயிலிலோ பேருந்திலோ வந்து, ரியால்தோ பாலத்தையும் சான் மார்கோவையும் பார்த்துவிட்டு மாலையில் போய்விடுபவர்கள்.

இதைச் சமாளிக்கத்தான் 2024 ஏப்ரல் 25 முதல் பகல்நேரப் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் வந்தது. முதல் ஆண்டில் 29 நாட்கள், 2025இல் 54 நாட்கள். பெரும்பாலும் வசந்தத்தின், கோடை முற்பகுதியின் வார இறுதிகள். காலை எட்டரை முதல் மாலை நான்குவரை நகருக்குள் வருபவர்களுக்கு 5 யூரோ. கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்களுக்கும் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் தங்குபவர்களும் இணையத்தில் விலக்குச் சீட்டைப் பெற்று வைத்திருக்க வேண்டும். எந்தெந்த நாட்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தப் பட்டியலை உங்கள் பயணத்துக்கான எச்சரிக்கையாகவும் படியுங்கள்: நகராட்சியே "இன்றைக்குக் கூட்டம் தாங்காது" என்று கருதும் நாட்கள் அவை.

கூட்டத்தின் இன்னொரு இயல்பு பலருக்குத் தெரிவதில்லை. மாதத்தைவிட மணிதான் அதைத் தீர்மானிக்கிறது. ஜூலையிலேயேகூடக் காலை ஏழு மணிக்கு சான் மார்கோ சதுக்கத்தில் பெருக்குபவர்களும் புறாக்களும்தான் இருப்பார்கள். பத்து மணிக்கு நடக்க இடமிருக்காது. மாலை ஆறுக்குமேல் மறுபடி ஊர் மூச்சுவிடும். ஆகவே பழைய நகரத்துக்குள்ளேயே தங்குபவர்களுக்கு எந்த மாதத்திலும் இரண்டு நல்ல வேளைகள் கிடைத்துவிடுகின்றன. காலையில் வந்து மாலையில் திரும்புபவருக்கு எந்த மாதத்திலும் அவை கிடைப்பதில்லை.

வசந்தம்: மார்ச் கடைசி முதல் மே வரை

மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறார்கள். அன்றிலிருந்து மாலைகள் நீள்கின்றன. ஏப்ரல் பகலில் 17 டிகிரி அளவு. இரவில் ஸ்வெட்டர் தேவை. மே மாதத்தில் 20ஐத் தாண்டும். நடந்து பார்க்க வேண்டிய ஊருக்கு இதைவிட நல்ல தட்பவெப்பம் இல்லை. அதனால்தான் கூட்டமும் இருக்கிறது. ஈஸ்டர் வாரம், ஏப்ரல் 25, மே 1 ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் ஐரோப்பாவே கிளம்பி வருகிறது.

ஏப்ரல் 25 நகரத்தின் காவல் புனிதரான மாற்குவின் திருநாள். இத்தாலியின் விடுதலை நாளும் அன்றுதான். வெனிஸ் ஆண்கள் மனைவிக்கோ காதலிக்கோ ஒரு சிவப்பு ரோஜா மொட்டைக் கொடுப்பது அன்றைய வழக்கம். பட்டாணியும் அரிசியும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் 'ரீசி எ பீசி' அன்றைய சாப்பாடு. சைவம் சாப்பிடுபவர்கள் பன்றி இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

காயலில் இருக்கும் சாந்த் எராஸ்மோ தீவுதான் நகரத்தின் காய்கறித் தோட்டம். ஏப்ரல் கடைசியில் அங்கே ஊதாநிறக் கூனைப்பூச் செடிகளின் உச்சியில் வரும் முதல் மொட்டை அறுத்துவிடுவார்கள். அப்போதுதான் பக்கக் கிளைகள் நன்றாகக் காய்க்கும். 'காஸ்த்ரௌரே' எனப்படும் அந்த முதல் மொட்டுகள் சந்தையில் ஓரிரு வாரங்கள்தான் கிடைக்கும். மெல்லியதாகச் சீவி, எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுப் பச்சையாகவே சாப்பிடுவார்கள்.

இதே பருவத்திலும் மறுபடி இலையுதிர் காலத்திலும் கிடைப்பது 'மொவெக்கே'. காயல் நண்டு ஓடு கழற்றி, புது ஓடு கெட்டியாகும் முன்பு சில மணி நேரம் உடல் முழுக்க மென்மையாக இருக்கும். அந்த நேரத்தில் பிடித்து அப்படியே பொரிக்கிறார்கள். எந்த நண்டு எப்போது ஓடு கழற்றும் என்பதை எந்திரம் சொல்லாது. கூடைகளில் இட்டுவைத்த நண்டுகளை மீனவர் தினமும் கையில் எடுத்துப் பார்த்துப் பிரிக்கிறார். ஆகவே விலை அதிகம். விலைக்குத் தக்க உழைப்பு அதில் இருக்கிறது.

மே மாதத்தில் இயேசுவின் விண்ணேற்றத் திருநாளை ஒட்டிய ஞாயிறன்று 'சென்சா' விழா. நகரத் தலைவர் படகில் போய்க் கடலில் ஒரு மோதிரத்தைப் போடுவார். வெனிஸ் குடியரசின் தலைவர்கள் கடலைத் திருமணம் செய்துகொண்ட பழைய சடங்கின் தொடர்ச்சி அது. பெந்தெகொஸ்தே ஞாயிறை ஒட்டி 'வோகாலோங்கா': துடுப்புப் படகுகள் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் காயலைச் சுற்றிவரும். மோட்டார் படகுகள் எழுப்பும் அலைகள் கட்டட அடித்தளங்களை அரிப்பதை எதிர்த்து 1975இல் தொடங்கியது. அன்று காலை கால்வாய்களில் எஞ்சின் சத்தம் அடங்கியிருக்கும்.

கோடை: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை

ஜூலையில் பகல் வெப்பம் 28, 30 டிகிரி. சென்னைவாசிக்கு இது வெயிலா என்று தோன்றலாம். ஆனால் காயலின் ஈரப்பதம் நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தைத் தரும், நிழலுக்கு மரங்கள் குறைவு, கொசுவும் உண்டு. நீர் வற்றும் வேளையில் சிறு கால்வாய்களில் வாடை வரும். பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கும் இடங்களில் குளிர்சாதன வசதி உண்டா என்று பார்த்தே பதிவு செய்யுங்கள். கீழ்த்தள அறை என்றால் சன்னலில் கொசுவலை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கோடையின் பெரிய லாபம் வெளிச்சம். ஜூனில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிறது. மதியம் பன்னிரண்டு முதல் நான்குவரை அறையிலோ அருங்காட்சியகத்திலோ தேவாலயத்திலோ கழித்துவிட்டு, மாலை ஐந்து முதல் இரவுவரை நடக்கலாம். காலையில் லிடோ தீவின் கடற்கரையில் குளிக்கலாம். கால்வாய்களில் இறங்கிக் குளிப்பது தடைசெய்யப்பட்டது, அபராதமும் உண்டு.

ஜூலை மூன்றாம் ஞாயிறையொட்டி வரும் 'ரெதெந்தோரே' விழாவுக்காகவே கோடையில் போகலாம். 1575 முதல் 1577 வரை நகரத்தை வதைத்த கொள்ளைநோய் தணிந்தால் ஆலயம் கட்டுவதாக அரசு நேர்ந்துகொண்டது. கட்டடக் கலைஞர் பல்லாடியோ வடிவமைத்த அந்த ஆலயம் ஜூதெக்கா தீவில் நிற்கிறது. விழா நாட்களில் அகன்ற ஜூதெக்கா கால்வாயின் குறுக்கே மிதவைப் பாலம் போட்டு, நகரத்திலிருந்து ஆலய வாசல்வரை மக்கள் நடந்தே போகிறார்கள். சனி இரவு, குடும்பம் குடும்பமாகப் படகுகளில் விளக்கு கட்டி, சாப்பாடு கொண்டுவந்து நீரிலேயே உட்கார்ந்து வாணவேடிக்கை பார்க்கிறார்கள். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக உள்ளூர் மக்கள் தங்களுக்காகவே நடத்திவரும் விழா இது.

ஆகஸ்ட் 15ஐ ஒட்டி இத்தாலி முழுவதும் விடுமுறை. சில உணவகங்கள் மூடியிருக்கும். முரானோ தீவின் கண்ணாடி உலைகள் பலவும் ஆகஸ்டில் அணைக்கப்பட்டுவிடும். தீ அபாயம் கருதி 1291இல் நகரத்துக்குள்ளிருந்து முரானோவுக்கு மாற்றப்பட்ட தொழில் அது. கைவினைஞர் கண்ணாடி ஊதுவதை நேரில் பார்க்க விரும்புபவர்கள் ஆகஸ்டைத் தவிர்க்க வேண்டும்.

இலையுதிர் காலம்: செப்டம்பர் முதல் நவம்பர் வரை

ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம்வரை லிடோவில் திரைப்பட விழா. 1932இல் தொடங்கிய இது உலகின் மிகப் பழைய திரைப்பட விழா. செப்டம்பர் முதல் ஞாயிறன்று பெரிய கால்வாயில் 'ரெகாத்தா ஸ்தோரிகா' படகுப் போட்டி. இந்த இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் அறையைப் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும். வேண்டாமென்றால் செப்டம்பர் நடுவுக்குப் பின் போகலாம்.

செப்டம்பர் நடு முதல் அக்டோபர் நடுவரை முதல்முறை போகிறவர்களுக்கு மிகப் பொருத்தமான காலம். வெப்பம் தணிந்திருக்கும், அக்டோபர் பகலில் 18 டிகிரி அளவு. பெரிய நீரேற்றங்கள் இன்னும் தொடங்கியிருக்காது. 1895இல் தொடங்கிய பியென்னாலே கண்காட்சியும் நடந்துகொண்டிருக்கும். ஓவிய, சிற்பக் கலைக்கு 2022, 2024 போன்ற இரட்டை எண் ஆண்டுகள், கட்டடக் கலைக்கு ஒற்றை எண் ஆண்டுகள். வசந்தத்தில் திறந்து நவம்பர் கடைசிவரை நடக்கும். நம் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் இந்த வாரங்களை ஒட்டியே வருகிறது.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் மறுபடி பின்னே போகும். மாலை ஐந்துக்கே இருட்டத் தொடங்கும். நவம்பரில் மழையும் பனிமூட்டமும் நீரேற்றமும் சேர்ந்து வரும். பலரும் இந்த மாதத்தை ஒதுக்குகிறார்கள். எனக்கோ வெனிஸின் மிக நல்ல நாள் நவம்பரில்தான் வருகிறது: 21ஆம் தேதி.

1630இல் மறுபடி கொள்ளைநோய் வந்தது. மீண்டும் ஒரு நேர்த்திக்கடன். பல்தஸ்ஸாரே லோங்கேனா என்ற இளம் கலைஞர் வடிவமைத்த சாந்தா மரியா தெல்லா சலூத்தே பேராலயம் பெரிய கால்வாயின் வாயிலில் எழுந்தது. முடிக்க 1687 ஆயிற்று. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 21 அன்று பெரிய கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுவார்கள். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கைத்தடி ஊன்றிய பாட்டிமார்கள் எல்லாரும் அதில் நடந்து வருவார்கள். வாசலில் மெழுகுவத்தி வாங்கி உள்ளே கொடுத்தால், அங்கே நிற்பவர்கள் ஏற்றிவைப்பார்கள். உடல்நலத்துக்கான வேண்டுதல்தான் இந்த நாளின் பொருள். வெளியே தின்பண்டக் கடைகளும் பலூன் கடைகளும் நிறைந்திருக்கும். அன்றைய சாப்பாடு 'காஸ்த்ராதீனா': உப்பிட்டுப் புகையேற்றி உலர்த்திய ஆட்டிறைச்சியை முட்டைக்கோஸுடன் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்த சூப். ஆண்டின் இந்த நாட்களில்தான் அது சமைக்கப்படுகிறது. வெனிஸ் இன்னும் மக்கள் வாழும் ஊர் என்பதை அறிய இதைவிட நல்ல நாள் இல்லை. அறை வாடகையும் கோடையைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கும்.

குளிர்காலம்: டிசம்பர் முதல் மார்ச் வரை

ஜனவரியில் பகலில் 6, 7 டிகிரி. இரவில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். எண் சொல்வதைவிடக் குளிர் அதிகமாகத் தெரியும், ஏனென்றால் காற்றில் ஈரம். வடகிழக்கிலிருந்து போரா காற்று அடிக்கும் நாளில் காதும் விரலும் விறைத்துவிடும். கம்பளிப் பனியன், காற்றுப் புகாத மேலங்கி, நீர் புகாத காலணி, கையுறை, காதுமூடும் தொப்பி ஆகியவை வேண்டும். டிசம்பரில் நான்கரைக்கே இருட்டிவிடுவதால் வெளியே பார்க்க வேண்டியவற்றைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகங்களை மாலைக்கு ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் பல இடங்கள் சீக்கிரமே மூடிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் நம் அரையாண்டு விடுமுறையோடு ஒத்துவருகிறது. ஆனால் அப்போது கூட்டமும் விலையும் உச்சம். ஜனவரி 6 முடிந்ததும் ஊர் அமைதியாகிவிடும். அங்கிருந்து கார்னிவல் தொடங்கும்வரை உள்ள சில வாரங்கள்தான் ஆண்டிலேயே விலை மிகக் குறைந்தவை. சான் மார்கோ பேராலயத்தின் பொன் மொசைக்குகளை யாரும் இடிக்காமல் அண்ணாந்து பார்க்கலாம். பனிமூட்டம் இறங்கும் காலைகளில் பாலத்தின் அடுத்த முனைகூடத் தெரியாது. ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் அதற்காகவே வருகிறார்கள். வணிகத்துக்கு அது ஓய்வுக்காலம் என்பதால் சில விடுதிகளும் உணவகங்களும் பூட்டியிருக்கும்.

கார்னிவல் தேதி ஆண்டுதோறும் மாறும். ஈஸ்டருக்கு 47 நாட்கள் முன்பு வரும் செவ்வாய்க்கிழமை அதன் கடைசி நாள். மறுநாள் தவக்காலம் தொடங்கிவிடும். முகமூடிக்குப் பெயர்பெற்ற இந்த விழா, 1797இல் நெப்போலியனிடம் குடியரசு வீழ்ந்தபின் நின்றுபோய், 1979இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. உடையலங்காரங்களைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் வார இறுதியை விட்டுவிட்டு வாரநாளில், அதுவும் விடியற்காலையில் சான் மார்கோ பக்கம் போக வேண்டும். அலங்காரம் செய்துகொண்டவர்களே அந்த வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ள வருவார்கள். திராட்சை சேர்த்துப் பொரித்த 'ஃப்ரித்தெல்லே' உருண்டைகள் இந்தச் சில வாரங்களுக்கு மட்டுமே பேக்கரிகளில் இருக்கும்.

தேதி குறித்த பிறகு

விசா: ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாட்களுக்குக் குறையக் கூடாது. ஏப்ரல், மே பயணத்துக்கு நம் ஊரில் நேர்காணல் நேரம் கிடைப்பதே கடினமாகிவிடும் என்பதால் ஜனவரியிலேயே தொடங்குவது நல்லது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட் திரும்பும் நாளிலிருந்து மூன்று மாதம் தாண்டியும் செல்லுபடியாக வேண்டும்.

தங்குமிடம்: நகரத்தைக் கரைப்பகுதியோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மெஸ்த்ரேயில் அறை மலிவு. ஆனால் அங்கே தங்கினால் நகரத்தின் அதிகாலையும் இரவும் கைநழுவிப் போகும். பழைய நகரத்திலேயே கன்னரேஜோ, காஸ்தெல்லோ பகுதிகளில் சான் மார்கோவைவிட வாடகை குறைவு. அக்கம்பக்கத்தில் குடும்பங்களும் வசிக்கின்றன. பெட்டியைப் படியேற்றித்தான் பாலங்களைக் கடக்க வேண்டும். ஆகவே படகுத்துறைக்கும் விடுதிக்கும் நடுவே எத்தனை பாலம் என்று கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள். முதியவர்களோடு போனால் இது மிக முக்கியம். அக்டோபருக்குப் பின் போகிறவர்கள் தரைத்தள அறையைத் தவிர்க்கலாம்.

போக்குவரத்து: 'வாப்பொரெத்தோ' எனப்படும் நீர்ப்பேருந்துதான் ஊரின் பஸ். 2025 நிலவரப்படி 75 நிமிடத்துக்கான ஒரு டிக்கெட் 9.50 யூரோ, ஒரு நாள் பாஸ் 25, மூன்று நாள் 45, ஏழு நாள் 65. மூன்று நாள் தங்குபவர்களுக்கு பாஸ் எடுப்பதே மிச்சம். பெரிய கால்வாய் முழுவதையும் நிதானமாகப் பார்க்க 1ஆம் எண் படகில் ஏறுங்கள். கொண்டோலாவுக்கு நகராட்சி குறித்த விலை பகலில் அரைமணி நேரத்துக்கு 90 யூரோ, இரவு ஏழுக்குமேல் 110. இது ஆளுக்கு அல்ல, படகுக்கு. அவ்வளவு செலவிட முடியாதவர்கள் கால்வாயின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு விடும் 'த்ரகெத்தோ'வில் 2 யூரோவுக்குக் கடக்கலாம். அதுவும் கொண்டோலா வகைப் படகுதான்.

தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். கோடையில் கைப்பையில் ஒரு துப்பட்டா இருக்கட்டும். ரியால்தோ மீன்சந்தை ஞாயிறு, திங்கள் இயங்காது. சந்தையைப் பார்க்க விரும்பினால் மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள்.

யாருக்கு எப்போது?

முதல்முறை, குழந்தைகளோடு: செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுவரை. கோடை விடுமுறையில்தான் முடியும் என்றால் மே இரண்டாம், மூன்றாம் வாரங்களின் வாரநாட்கள்.

முதியவர்களோடு: மே அல்லது செப்டம்பர் கடைசி. நடைபலகையில் ஏறி இறங்கும் சிரமம், வழுக்கும் படிகள், கடுங்குளிர் மூன்றும் இல்லாத காலம்.

கலை, கட்டடம் பார்க்க: அக்டோபர் முதல் நவம்பர் நடுவரை பியென்னாலேயோடு, அமைதியாகப் பார்க்க ஜனவரி.

விழாவும் மக்களும் வேண்டும் என்றால்: ஜூலையில் ரெதெந்தோரே, நவம்பரில் சலூத்தே.

குறைந்த செலவில்: ஜனவரி 7க்குப் பின், கார்னிவலுக்கு முன்.

எந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று இரவுகளாவது நகரத்துக்குள் தங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். பகலில் மட்டும் வந்துபோகும் கூட்டம் வெனிஸின் தெருக்களை அடைக்கிறது. காய்கறிக் கடையும் தச்சுப் பட்டறையும் இருந்த இடத்தில் மலிவான முகமூடிக் கடைகளை வளர்க்கிறது. கூட்டமில்லாத மாதத்தில் வந்து தங்கி, அந்தப் பருவத்தில் விளைந்ததைச் சாப்பிட்டு, முரானோவில் செய்ததை முரானோவிலேயே வாங்குபவர் தரும் பணம் அங்கே வாழ்பவர்களின் கைக்குப் போகிறது. அவருக்கும் நல்ல விலையில் நல்ல அறையும் நெரிசலில்லாத காலையும் கிடைக்கின்றன. பயணிக்கும் ஊருக்கும் ஒருசேர நன்மை தரும் மாதங்கள் ஆண்டில் நான்கைந்தாவது இருக்கின்றன. விடுமுறையைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்த முடிந்தால், அவற்றில் ஒன்றுக்கு நகர்த்திவிடுங்கள்.